பேய் பேசும் மொழி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை, பேப்பாறை வனப்பகுதியின் ஓரமாக வளைந்து வளைந்து ஏறி, போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தில் போய் முடிகிறது. அதற்கப்பால் கால்நடைப் பாதைதான். அப்பாதையில் நடந்தால், தமிழுக்கு இலக்கணம் வகுத்த முனிவர் உறைவதாக நம் முன்னோர் நம்பிய அகத்தியர் மலையின் உச்சியை அடையலாம். அதன் உயரம் 1,868 மீட்டர். ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இவ்விடத்தின் பெயரைப் ‘போன் அக்கார்டு’ என்று எழுதினர். ‘நல்லிணக்கம்’ என்று பொருள்படும் இப்பிரெஞ்சுத் தொடர், ஸ்காட்லாந்து நாட்டு அபர்டீன் நகரத்தின் குறிக்கோளுரையாகவும் விளங்குகிறது.

இன்று இப்பெயரைக் கேட்டவுடன் பலருக்கு நினைவு வருவது அகத்தியரன்று, தேயிலையுமன்று. குன்றின்மேல் தனித்து நிற்கும் ஒரு பாழடைந்த பங்களாவே. கதவுகளும் சன்னல்களும் போய்விட்டன. குளிர்காயக் கட்டிய கணப்படுப்பு வாய்பிளந்து கிடக்கிறது. சுவரெங்கும் வந்து போனவர்கள் தம் பெயர்களைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். இதைப் பற்றி வழங்கும் கதையை நேயர்களுள் சிலர் கேட்டிருக்கக்கூடும். தோட்டத்துத் துரை ஒருவன் இதில் குடும்பத்தோடு வாழ்ந்தானாம். பதின்மூன்று வயதான அவன் மகள் காரணம் விளங்காமல் இறந்தாளாம். துயரம் தாங்காமல் அவர்கள் சீமைக்குத் திரும்பிவிட்டனராம். நெடுநாளைக்குப் பின்னர், விறகு பொறுக்கப் போன தொழிலாளர் வீட்டுப் பெண் ஒருத்தி அப்பங்களாவின் பக்கம் சென்று மீண்டாளாம். எழுத்தறியாத அப்பெண் அன்றுமுதல் சரளமாக ஆங்கிலம் பேசத் தொடங்கினாளாம். சில நாட்களில் அவளும் இறந்து போனாளாம்.

‘ஆம்’, ‘ஆம்’ என்று நாம் அடுக்குவதன் காரணம் வெளிப்படை. இக்கதைக்குச் சான்று ஏதும் இல்லை. சொல்வாருக்குச் சொல்வார் விவரம் மாறுகிறது. ஆயினும் எல்லோர் வாயிலும் மாறாமல் நிற்கும் செய்தி ஒன்றுண்டு. அப்பெண் ஆங்கிலம் பேசினாள் என்பதே அது. பேய் பிடித்ததற்கு அடையாளமாக அவள் கண் சிவந்ததையோ, தலைவிரித்து ஆடியதையோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மொழி மாறியதைத்தான் சொல்கிறார்கள். பேய்க்கதை வாய்மொழியிலிருந்து நாவலுக்கும், நாவலிலிருந்து வெள்ளித்திரைக்கும் செல்லுங்கால் எவை நிலைக்கின்றன, எவை உதிர்கின்றன என்று ஆராய விரும்புவோருக்கு இதைக் காட்டிலும் நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

பேய் அயல்மொழி பேசும் என்ற எண்ணம் போனக்காட்டில் பிறந்ததன்று. 1614-ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை வெளியிட்ட சடங்கு நூலிலேயே, கல்லாத மொழியைப் பேசுதல் ஆவேசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகக் கூறப்பட்டிருக்கிறது. வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971-இல் எழுதிய ‘எக்ஸார்சிஸ்ட்’ என்னும் நாவல் இவ்விதியையே ஆதாரமாகக் கொண்டது. அதில் வரும் பாதிரியார், சிறுமியின் வாயிலிருந்து எழும் விளங்காத பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து வல்லுநரிடம் கொடுக்கிறார். அது தலைகீழாகத் திருப்பப்பட்ட ஆங்கிலமே என்று தெரிய வருகிறது. நாவலில் இச்சோதனை பேயை நிலைநாட்டவில்லை. மனநோயாக இருக்கலாம் என்ற ஐயத்தையே வளர்க்கிறது. பாதிரியாரே ஒரு மனநோய் மருத்துவர் அல்லவா! 1973-இல் வந்த படத்திலும் இக்காட்சி உண்டு. ஆனால் சிறுமியின் கழுத்து பின்புறமாகத் திரும்புவதைக் கண்ட பார்வையாளனுக்கு ஒலிநாடாவின் ஐயம் எங்கே நினைவிருக்கும்? அச்சில் ஐயமாக இருந்தது திரையில் தீர்ப்பாகிவிடுகிறது.

இன்னும் பழைய சான்று ஒன்றைச் சொல்ல வேண்டும். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலில், டிரான்சில்வேனியா நாட்டுப் பிரபுவான அந்த இரத்தம் குடிக்கும் பிசாசு ஆங்கிலத்தைப் புத்தகங்களிலிருந்து கற்கிறது. லண்டன் வீதியில் தான் நடந்தால், பேச்சைக் கேட்டு எவரும் தன்னை அயலான் என்று நின்று பார்க்கக் கூடாது என்பதே அதன் கவலை. அதாவது, நாவலின் அச்சம் அயலான் நம்மோடு கலந்து அடையாளமின்றி மறைந்துவிடுவான் என்பது. 1931-இல் ஹங்கேரி நாட்டவரான பேலா லுகோசி அவ்வேடத்தைப் பேசும் படத்தில் ஏற்றார். அவருடைய நாவில் ஆங்கிலம் நீண்டு நெளிந்து வந்தது. அன்றுமுதல் அந்த உச்சரிப்பே டிராகுலாவின் இலக்கணமாயிற்று! எதை மறைக்க நாவலின் பாத்திரம் இராப்பகலாக முயன்றதோ, அதையே திரை அதற்கு நிலையான அணிகலனாகப் பூட்டிவிட்டது.

நம் பக்கத்து நாட்டுக் கதைகளுக்கு வருவோம். மலையாளத் திரைப்படங்களுள் 1993-இல் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ பெரும்புகழ் பெற்றது. பாசில் இயக்கியது, மது முட்டம் எழுதியது. பழைய தறவாட்டு வீட்டில் அடைபட்டிருக்கும் நாகவல்லி என்னும் நாட்டியக்காரி தஞ்சாவூரைச் சேர்ந்தவள். ஆகவே மலையாளப் படத்தில் பேய் பேசுவது தமிழ். இக்கதை 2005-இல் ‘சந்திரமுகி’ என்று தமிழில் வந்தபோது, தமிழ்ப்பேய் தமிழில் பேசினால் யார் அஞ்சுவர்? அவள் தெலுங்கு நாட்டவள் ஆனாள், தெலுங்கில் பாடினாள். 2007-இல் இந்தியில் ‘பூல் புலையா’ என்று எடுத்தபோது அவளே வங்காளத்து நர்த்தகியானாள். கதையின் ஏனைய பகுதிகள் பெரும்பாலும் மாறவில்லை. பேயின் தாய்மொழி மட்டும் ஒவ்வோர் எல்லையிலும் ஒரு படி நகர்ந்து சென்றது. பேய் எப்பொழுதும் அடுத்த ஊர்க்காரிதான் போலும். அவ்வாறாயின், தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் போனக்காட்டில் பேய்க்கு இவ்விரண்டும் உதவா. ஆங்கிலம் ஒன்றே எஞ்சியது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் கருத வேண்டும். தஞ்சை நர்த்தகி அந்த வீட்டில் அடிமைப்பட்டு மாண்டவள். அவள் மொழி, இழைக்கப்பட்ட அநீதியின் குரல். போனக்காட்டில் பேசப்பட்டதாகக் கூறும் மொழியோ எசமானனின் மொழி. இவ்வேறுபாட்டுக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

நூலிலிருந்து திரைக்கு வந்த பேய்க்கதைகளுள் நாம் மிக உயர்வாக மதிப்பது வைக்கம் முகம்மது பஷீரின் ‘நீல வெளிச்சம்’. மிகச் சிறிய கதை. எழுத்தாளன் ஒருவன் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறான். அங்கே பார்கவி என்னும் இளம்பெண் காதலில் ஏமாற்றமுற்றுக் கிணற்றில் விழுந்து மாண்டாள் என்று அக்கம்பக்கத்தார் அச்சுறுத்துகிறார்கள். அவன் அவளோடு பேசத் தொடங்குகிறான். மந்திரம் ஓதி விரட்ட அல்ல. வீட்டில் உடன் வாழும் ஒருத்தியிடம் பேசுவது போல. பதில் வருவதில்லை. ஓரிரவு விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட, வாங்கிவரப் போகிறான். மீண்டு வந்து கதவைத் திறந்தால் அறை முழுதும் நீல ஒளி நிறைந்திருக்கிறது. அவ்வளவே! அவ்வொளி எங்கிருந்து வந்தது என்று பஷீர் சொல்லவில்லை. அச்சமாகத் தொடங்கிய கதை ஓர் அன்பில் வந்து நிற்கிறது.

இதனை 1964-இல் ‘பார்கவி நிலையம்’ என்ற பெயரில் படமாக்கினார்கள். திரைக்கதையையும் பஷீரே எழுதினார். இயக்கிய வின்சென்ட் தமிழ் இரசிகர்களுக்கு அயலவரல்லர். ஸ்ரீதரின் ‘கல்யாண பரிசு’ முதலிய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். பாழடைந்த மாளிகையும் முற்பிறவி நினைவும் கலந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ படத்தை 1963-இல் படம்பிடித்ததும் அவரே. ஒரு சில பக்கங்களில் அடங்கிய கதையை முழுநீளப் படமாக நீட்ட வேண்டியிருந்தமையால், பார்கவிக்கு ஒரு காதலனும், அவர்களுக்கு ஒரு பகைவனும், ஒரு கொலையும் தேவைப்பட்டன. கதையில் விடையின்றி நின்ற மரணம் படத்தில் துப்புத் துலக்கப்படுகிறது. எழுதியவர் ஒருவரேயாயினும், சிறுகதையின் பஷீர் கேள்வியோடு நின்றார். படத்தின் பஷீர் பதிலளித்தே ஆக வேண்டியிருந்தது. ஆயினும் படம் தோற்றதென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. எழுத்தாளன் வெறுமையான அறையில் தனியே நின்று, இல்லாதவளோடு பேசிக்கொண்டிருக்கும் நீண்ட காட்சிகளில் கதையின் உயிர் அப்படியே இருக்கிறது. 2023-இல் இத்திரைக்கதையை மீண்டும் ‘நீல வெளிச்சம்’ என்ற பெயரிலேயே வண்ணப் படமாக எடுத்தனர். கறுப்பு வெள்ளையில் நாமே மனத்தில் கண்ட நீலத்தை, வண்ணப்படம் கண்ணுக்குக் காட்டியது. எது பெரிது என்பதை அவரவர் முடிவு செய்து கொள்ளட்டும்.

மலையாற்றூர் ராமகிருஷ்ணன் 1967-இல் எழுதிய ‘யக்ஷி’ வேறு வகையினது. ஆய்வுக்கூட விபத்தில் அமிலம் பட்டு முகம் சிதைந்த வேதியியல் ஆசிரியன் ஒருவனை அழகி ஒருத்தி விரும்பி மணக்கிறாள். இத்தகைய முகத்தை ஒரு மானிடப் பெண் நேசிக்க இயலுமா? இயலாது, ஆகவே இவள் யக்ஷியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவன் மனம் வாதிடுகிறது. தன்மேல் தனக்குள்ள வெறுப்பே அவளைப் பேயாக்குகிறது. கே. எஸ். சேதுமாதவன் மறு ஆண்டிலேயே இதனைப் படமாக்கினார். சத்யனும் சாரதாவும் நடித்தனர். நாவலில் நாம் அவனுடைய கண்களால் மட்டுமே அவளைப் பார்க்கிறோம். திரையிலோ சாரதாவை நம் கண்களாலேயே பார்த்துவிடுகிறோம். சாரதாவின் முகத்தில் கனிவைக் கண்டபின் அவளைப் பேயென்று ஐயுற வேண்டுமானால் நமக்கும் அவனைப்போல் மனம் சிதைந்திருக்க வேண்டும். இத்தகைய கதைகளைப் படமாக்குவோர் அனைவரும் சந்திக்கும் இடர்ப்பாடு இதுதான். ராபர்ட் வைஸ் 1963-இல் ஷெர்லி ஜாக்சனின் நாவலைப் படமாக்கியபோது, பேயைக் காட்டாமலேயே முடித்தார். கதவுக்கு அப்பால் இடிக்கும் ஓசையும், கைப்பிடி மெல்லத் திரும்புவதும் போதுமாயின. 1999-இல் அதே நாவலை மீண்டும் எடுத்தவர்கள் எல்லாவற்றையும் கணினித் தந்திரத்தால் காட்டினார்கள்; அச்சம் மறைந்தது. வானொலியில் பழகிய நமக்கு வைஸின் பக்கம் சாய்வதில் வியப்பில்லை. காது நம்புவதைக் கண் எளிதில் நம்புவதில்லை.

தமிழில் இத்துறைக்கு முன்னோடி யார் என்றால், புதுமைப்பித்தனைச் சொல்லாமல் தீராது. அவருக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஒரு துயரமான உறவுண்டு. திரைப்படத்துக்கு எழுதப் புனா நகருக்குச் சென்று, காச நோயோடு திரும்பி, 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்நகரிலேயே உயிர் நீத்தார். மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கியவர் அவர். அவரது ‘காஞ்சனை’ என்னும் கதையில், வேலைக்குச் சேரும் பெண்ணொருத்தி மானிடப் பிறவிதானா என்ற ஐயம் ஒரு நடுத்தர வீட்டின் இரவுகளைக் குலைக்கிறது. முடிவில் ஐயம் ஐயமாகவே நிற்கிறது. (2011-இல் வந்து வசூலில் கொழித்த ‘காஞ்சனா’ படத்துக்கும் இக்கதைக்கும் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை. நண்பர்கள் சிலர் உண்டென்று எண்ணியிருப்பதால் சொல்ல வேண்டியதாயிற்று.) பிற்காலத்தில் இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ என்னும் நாவலை, நாகா ‘விடாது கருப்பு’ என்று தொலைக்காட்சித் தொடராக்கியபோது, குதிரைக் குளம்பொலி கேட்டு வீடுகளில் குழந்தைகள் போர்வைக்குள் ஒடுங்கியதைப் பலர் இன்றும் நினைவு கூர்வர். அங்கும் வென்றது ஒலிதான்.

புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’ மட்டும் எழுதவில்லை. ‘துன்பக் கேணி’யும் எழுதினார். அதில் பேயில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற மருதி என்னும் ஏழைப்பெண் துரையாலும் பிறராலும் படும் பாடு உண்டு. இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்துப் படிப்பவர், எது பேய்க்கதை என்று சிறிது திகைக்கவே செய்வார். இந்தத் திகைப்பை வேறொரு நூலும் உண்டாக்குகிறது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ என்னும் நாவலை, இரா. முருகவேள் 2007-இல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். கங்காணியின் முன்பணத்தை வாங்கி மலையேறியவர்கள் கடன் தீராமல், கொள்ளை நோய்களில் கொத்துக் கொத்தாக மாண்ட வரலாறு அது. தப்பி ஓடியவன் பிடித்து வரப்பட்டு அடிபடுவதையும், பனியில் விறைத்த விரல்கள் கொழுந்து கிள்ளுவதையும் படிக்கும்போது முதுகு சில்லிடுவதற்குப் பேய் தேவைப்படுவதில்லை. 2013-இல் பாலா இதனைத் தழுவிப் ‘பரதேசி’ படத்தை எடுத்தார். தேயிலைக் காட்டின் கொடுமைகளை அவர் காட்டிய விதம் மறக்கத்தக்கதன்று. ஆனால் நாவலில் தொழிலாளர்பால் இரங்கி உழைக்கும் மருத்துவர், படத்தில் ஆடிப் பாடி மதம் மாற்றுபவராகத் திரிந்துவிட்டார். தோட்டத்து மருத்துவர் ஒருவர் தம் அனுபவத்திலிருந்து எழுதிய நூலுக்கு இந்தத் தழுவல் நீதி செய்யவில்லை என்பதே நம் கருத்து.

போனக்காட்டுக்கு மீள்வோம். அங்கும் தேயிலைத் தொழில் நலிந்து, ஆலை ஓய்ந்து, இயந்திரங்கள் துருவேறிப் பல ஆண்டுகளாகிவிட்டன. தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியில் வந்த குடும்பங்கள் பலவும் அத்தோட்டத்தில் உழைத்தன. கூலியும் ஓய்வுகாலப் பணமும் நிலுவையில் நிற்க, இடிந்து விழும் லயங்களில் சிலர் இன்னும் வாழ்கிறார்கள். அவர்களைக் காண வருவோர் சிலரே. பேயைக் காண வருவோர் பலர். காணித்தடத்தில் வனத்துறைக் காவல் சாவடி இருப்பினும், கைப்பேசியும் விளக்குமாகப் பங்களாவைப் படம் பிடிக்க ஆட்கள் வந்தவண்ணம் உள்ளனர்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களங்கள் நான்கென்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்பது அரசன். அகத்தியரின் மாணாக்கர் என்று மரபு கூறும் அவ்வாசிரியரின் இலக்கணம், அகத்தியர் மலையடியில் வரிசை பிசகாமல் பொருந்துவதைப் பார்க்கிறோம். லயத்தில் வாழ்வோருக்கு யானையும் காட்டெருமையும் அன்றாட அச்சம். இரவில் முன்பின் அறியாதோர் வண்டிகளில் வருவது மற்றோர் அச்சம். கூலி கொடுக்க வேண்டியவர் கொடுக்காமல் இருப்பது இவ்விரண்டினும் பெரிது. தோட்டத்தில் இறை என்பது முதலாளியன்றி வேறு யார்? நான்கனுள் அணங்கு ஒன்றுக்கு மட்டுமே கதையும் படமும் வாய்த்திருக்கின்றன.

அந்த அணங்கும் யாருடையது? கதையில் இரண்டு சிறுமியர் மாள்கின்றனர். துரைமகள் ஒருத்தி, விறகு பொறுக்கியவள் ஒருத்தி. கதை சொல்வோர் முதலாமவளின் வயதைப் பதின்மூன்று என்று துல்லியமாகச் சொல்கின்றனர். இரண்டாமவளுக்கு வயதுமில்லை, வீடுமில்லை. அவள் வாயில் வந்த ஆங்கிலமே அவளைக் கதைக்குள் அனுமதித்தது. வந்த வேலை முடிந்ததும் அவளை மாளச் செய்துவிட்டது. மணிச்சித்திரத்தாழின் நர்த்தகிக்குத் தன் மொழியில் சினந்து பேசக் கிடைத்த வாய்ப்புக்கூட இவளுக்குக் கிடைக்கவில்லை. காய்ச்சலில் பிதற்றும் குழந்தைகள் எங்கோ காதில் விழுந்த சொற்களை உளறுவதுண்டு. பங்களாச் சமையலறையில் பாத்திரம் துலக்கிய தாயோ பாட்டியோ இருந்திருந்தால், ஆங்கிலச் சொற்கள் சில லயத்துக்கு வந்து சேர்வதற்குப் பேயின் உதவி வேண்டியதில்லை. இது நம் ஊகமே. ஆனால் மருந்தில்லாத மலையில் காய்ச்சல் கண்ட ஏழைப்பெண் சில நாட்களில் இறந்தாள் என்பதற்குத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றில் ஆயிரம் ஒப்புமைகள் உண்டு.

பழைய பேய்க்குப் புதிய பார்வை கிடைப்பது இயலாததன்று. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டுகளில் பழி தீர்க்கும் இசக்கியாக வாழ்ந்த கள்ளியங்காட்டு நீலியை, 2025-இல் வந்த ‘லோகா’ என்னும் மலையாள மாயப்படம் எளியோரைக் காக்கும் வீராங்கனையாக்கிக் காட்டியது. மக்களும் திரண்டு சென்று கண்டார்கள். நூற்றாண்டுகளாக அஞ்சப்பட்டவளின் கதையையே திருப்பிச் சொல்ல முடியுமானால், போனக்காட்டு விறகுக்காரியை நடுவில் நிறுத்தி ஒருவர் நாவல் எழுதுவதில் தடையென்ன? அதை எழுத முனைபவர், அந்தப் பெண் நோயில் விழுமுன் எந்த மொழியில் பேசினாள், எதைக் கண்டு சிரித்தாள், விறகுச் சுமையை எங்கே இறக்கி வைத்தாள் என்றெல்லாம் விசாரிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பங்களாவுக்கு ஏற வேண்டியதில்லை. பேருந்து திரும்பும் இடத்திலிருந்து லயங்களை நோக்கி நடந்தால் போதும், பகலிலேயே போகலாம்.